பச்சை வந்திருக்கு சார்

ராத்திரி முழுக்க 37 டிகிரியில் கிடந்த பிளேட்டுகளை எடுக்கக் காலையில் இன்குபேட்டர் கதவைத் திறக்கும்போது, சில நாள் ஒரு வாடை முகத்தில் வந்து மோதும். கனிந்து வெடிக்கப்போகிற திராட்சையின் இனிப்பு வாடை. சூடோமோனாஸ் ஏருஜினோசா வளர்ந்திருக்கிறது என்று பிளேட்டைக் கையில் எடுக்குமுன்பே தெரிந்துவிடும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் மூத்த டெக்னீஷியன்கள் மூடியைச் சற்றே விலக்கி முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போவார்கள். இப்போது அதற்குத் தடை. தடை சரியானதுதான்; அதே பிளேட்டில் வேறு என்ன உட்கார்ந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? ஆனால் முகராமலே வருகிற வாடையை யாரும் தடுக்க முடியாது.

வாடைக்குப் பிறகு நிறம். மற்றக் கிருமிகளில் நிறம் உள்ளவை இருந்தாலும் பெரும்பாலும் அவற்றின் காலனி மட்டும்தான் நிறமாக இருக்கும். இது தான் குடியிருக்கிற அகாருக்கே சாயம் ஏற்றிவிடும். பயோசயனின் என்கிற நீலமும் பயோவெர்டின் என்கிற மஞ்சள் பச்சையும் கசிந்து பரவ, பிளேட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் அடிவரைக்கும் பச்சை. எங்கள் லேபில் அதன் பெயரே பச்சைதான். பயிற்சிக்கு வரும் டி.எம்.எல்.டி. பிள்ளைகள் வந்த கொஞ்ச நாளிலேயே "பச்சை வந்திருக்கு சார்" என்று பிளேட்டோடு வந்து நிற்பார்கள். "ஆக்சிடேஸ் போட்டியா?" என்று கேட்டால்தான் மறுபடி மேசைக்குப் போவார்கள். வடிதாளில் மருந்தைச் சொட்டி அதில் காலனியைத் தேய்த்தால் பத்து விநாடிக்குள் கருநீலம் ஏற வேண்டும். தேய்ப்பதற்கு நிக்ரோம் கம்பி கூடாது. கம்பியில் இருக்கும் இரும்பே நிறத்தை வரவழைத்து ஏமாற்றும். கண்ணாடிக் குச்சியோ மரக்குச்சியோ போதும்.

இந்த நிறத்தை முதலில் கண்டவர்கள் லேப்காரர்கள் அல்லர், அறுவை வார்டுக்காரர்கள். புண்ணில் சுற்றிய கட்டுத்துணி நீலமாகிறது என்பது 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் எல்லா சர்ஜன்களுக்கும் தெரிந்த சங்கதி. 1860இல் ஃபோர்டோஸ் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் அந்த நீலத்தைத் தனியே பிரித்தெடுத்தார். அதை உண்டாக்கும் கிருமியைத் தனியே வளர்த்துக் காட்டியவர் கார்ல் ஜெஸ்ஸார், ஆண்டு 1882. ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியை அறிவித்ததும் அதே ஆண்டுதான். காசநோய் உலகம் முழுக்கப் பேச்சானது. கட்டுத்துணிக் கிருமியை அன்றைக்கு யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நிறம் அதற்கு அலங்காரமில்லை, பிழைப்பு. நம் உடம்பு இரும்பைச் சும்மா விட்டுவைக்காது. புரதங்களில் பூட்டி வைத்திருக்கும். பயோவெர்டின் போய் அந்த இரும்பைப் பிடுங்கிக்கொண்டு வரும். பயோசயனின் பக்கத்தில் இருக்கிற கிருமிகளுக்கும் நம் செல்களுக்கும் நஞ்சு. சீழில் ஸ்டெஃபைலோகாக்கஸும் கலந்திருந்தால் பிளேட்டில் அதைக் கண்ணாலேயே பார்க்கலாம்: பச்சைக்குத் தள்ளியிருக்கும் காலனிகள் கொழுகொழுவென்றும், அருகில் இருப்பவை சுணங்கிப்போய்ப் பொட்டுப் பொட்டாகவும் நிற்கும்.

இத்தனை வருஷ லேப் வேலையில் இந்தக் கிருமியைப் பற்றி நான் தெரிந்துகொண்டது ஒன்றே ஒன்றுதான்: இதன் சொந்த ஊர் நம் உடம்பு அன்று, ஈரம். மண், குளம், சாக்கடை, குழாயின் உட்புறம், பூ ஜாடித் தண்ணீர் என்று எங்கே ஈரம் நிற்கிறதோ அங்கே அதற்கு வீடு. நோயாளி அதற்கு வழியில் அகப்படுகிற ஒரு ஈரமான இடம், அவ்வளவுதான்.

எதைத் தின்னும் என்று கேட்பதைவிட எதைத் தின்னாது என்று கேட்பது சுலபம். சர்க்கரை, அமிலம், எண்ணெய், டீசல் எதுவானாலும் சரி. காற்று இல்லாத இடத்தில் நைட்ரேட் கிடைத்தால் அதை வைத்து மூச்சுவிடும். அறை வெப்பத்திலும் வளரும், 42 டிகிரியிலும் வளரும். 1950களில் மெல்பர்னில் ஒரு நோயாளியின் புண்ணிலிருந்து எடுத்த பி.ஏ.ஓ.1 என்ற ரகத்தின் மரபணுத் தொகுதியை 2000ஆம் ஆண்டில் முழுக்கப் படித்தார்கள். ஏறக்குறைய 63 லட்சம் எழுத்துகள், 5,570 ஜீன்கள். அதுவரை படித்த பாக்டீரியாக்களில் அதுதான் பெரியது. நம் குடலில் இருக்கும் ஈ.கோலைக்கு 4,300 பக்கம்தான். மூன்று தலைமுறைச் சாமானில் ஒன்றையும் எறியாத வீட்டுப் பரண் மாதிரி, எப்போதாவது உதவும் என்று எல்லாவற்றையும் வைத்திருக்கிறது. அந்த ஜீன்களில் கிட்டத்தட்டப் பத்தில் ஒரு பங்கு எதை எப்போது எடுப்பது என்று கணக்குப் பார்க்கிற ஜீன்கள்.

"வெறும் டிஸ்டில்டு வாட்டர்ல என்ன சார் இருக்கப் போகுது?" என்று கேட்காத ஹவுஸ் சர்ஜன் இல்லை. 1971இல் அமெரிக்க ஆய்வாளர்கள் 'சயன்ஸ்' இதழில் இதைத்தான் எழுதினார்கள். மருத்துவமனைக் கருவிகளில் இருந்த டிஸ்டில்டு வாட்டரில் சூடோமோனாஸ் உயிரோடு இருந்தது மட்டுமல்ல, இரண்டே நாளில் பெருகித் தள்ளியது. கண்ணுக்குத் தெரியாத அளவு கரிமப் பொருள் இருந்தால் அதற்குப் போதும். லேபில் வளர்த்ததைத் தண்ணீரில் விட்டால் கொஞ்சம் தடுமாறும். தண்ணீரிலேயே பிறந்து வளர்ந்தது தடுமாறாது. கிருமிநாசினியையும் கூடுதலாகத் தாங்கும். நெபுலைசர் குப்பி, ஆக்சிஜன் சிலிண்டரில் தொங்கும் ஹியூமிடிஃபையர் பாட்டில் எல்லாம் தினம் காலி செய்து காய வைக்க வேண்டும் என்று நர்சுகளிடம் நாங்கள் நச்சரிப்பது இதனால்தான்.

கிருமிநாசினி என்றதும் செட்ரிமைடு நினைவுக்கு வருகிறது. வார்டில் புண் கழுவும் ஆன்டிசெப்டிக்குகள் பலவற்றில் இருக்கும் சரக்கு அது. எங்கள் லேபில் சூடோமோனாஸை மட்டும் தனியே வளர்க்கிற அகாரிலும் அதைத்தான் சேர்க்கிறோம். மற்றவையெல்லாம் செத்துப்போகும், பச்சை மட்டும் வளரும்! அங்கே மருந்து, இங்கே பொறி. பயிற்சிப் பிள்ளைகளுக்கு இதை ஒரு தடவை சொன்னால் போதும். கிருமிநாசினி பாட்டிலைக் கும்பிட்டுக்கொண்டிருப்பதை விட்டுவிடுவார்கள்.

அந்தக் காலத்தில் ஒவ்வொரு வார்டிலும் டிரஸ்ஸிங் டிராலியில் ஒரு உயர ஜாடி நிற்கும். அதில் கிருமிநாசினி, அதற்குள் சீட்டில் ஃபோர்செப்ஸ் என்கிற நீளக் கிடுக்கி. சுத்தமான பஞ்சையும் துணியையும் அதால்தான் எடுப்பார்கள். ஜாடியில் அளவு குறைந்தால் மேலே கொஞ்சம் ஊற்றுவார்கள், அதுவும் குறைந்தால் கொஞ்சம் தண்ணீர். அடிமட்டம் எப்போது கழுவப்பட்டது என்பது யாருக்கும் தெரியாது. 1966இல் கெல்சி, மாரர் என்ற இரண்டு பிரிட்டிஷ்காரர்கள் சொல்லிக்கொடுத்த ஒரு எளிய சோதனை இருக்கிறது. ஜாடியிலிருந்து ஒரு மில்லி எடுத்து ஒன்பது மில்லி கரைசலில் கலந்து, இரண்டு பிளேட்டுகளில் தலைக்குப் பத்துச் சொட்டு விட வேண்டும். ஒரு பிளேட் 37 டிகிரியில் மூன்று நாள், இன்னொன்று வெளியே ஏழு நாள். பாதிக்கு மேற்பட்ட சொட்டுகளில் வளர்ச்சி தெரிந்தால் அந்த ஜாடி ஃபெயில். நான் அந்தப் பிளேட்டுகளை வார்டுக்கே எடுத்துப்போய்க் காட்டுவது வழக்கம். ரிப்போர்ட் தாளுக்குக் கிடைக்காத மரியாதை பச்சை பூத்த பத்துச் சொட்டுக்குக் கிடைக்கும். "இதுலயா சார் நாங்க பஞ்சு எடுத்தோம்?" என்று சிஸ்டர் கேட்ட பிறகு வாதமே கிடையாது.

ஜாடி ஒழிந்தது. சிங்க் ஒழியவில்லை.

கை கழுவச் சொல்லிச் சொல்லி ஐ.சி.யூ.வில் கட்டிலுக்கு ஒரு சிங்க் வைத்தோம். நல்ல காரியம். ஆனால் சிங்குக்கு அடியில் வளைந்து போகிறதே குழாய், அதில் தண்ணீர் நின்றே ஆக வேண்டும். இல்லாவிட்டால் சாக்கடை நாற்றம் மேலே வரும். அந்த நிற்கிற தண்ணீரில் கை கழுவிய அழுக்கு, மிச்ச சலைன், மீந்த டீ, சில சமயம் ஊசி மருந்தின் மீதி வரைக்கும் போய்ச் சேர்கிறது. தீனியும் கிடைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஆன்டிபயாட்டிக் பழக்கமும் கிடைக்கிற இடம் அதைவிட வேறில்லை. குழாயின் உட்சுவரில் பசைபோன்ற ஒரு படலம் கட்டி, அதற்குள் கூட்டமாகக் குடியேறிவிடும். பயோஃபிலிம் என்பது இதுதான். ஆட்கள் போதிய அளவு சேர்ந்துவிட்டார்களா என்று ரசாயனக் குறிப்பால் ஒன்றுக்கொன்று தெரிவித்துக்கொண்டு கட்டுகிற கோட்டை. ப்ளீச்சிங் பவுடர் ஊற்றினால் மேல்தட்டு சாகும். ஒரு வாரத்தில் பழைய கணக்குக்கே வந்துவிடும்.

கனடாவில் டொரன்டோ நகரத்து ஐ.சி.யூ. ஒன்றில் 2004 டிசம்பர் முதல் 2006 மார்ச் வரை 36 நோயாளிகளிடம் ஒரே ரக சூடோமோனாஸ் பரவியது. கடைசியில் சிங்க் டிரெயினில் ஒளிரும் சாயத்தை ஊற்றிக் குழாயைத் திறந்து பார்த்தார்கள். டிரெயினில் தண்ணீர் நேராக விழுந்து தெறித்தது. சாயம் ஒரு மீட்டருக்கு அப்பாலும் போயிருந்தது. அந்த ஒரு மீட்டருக்குள் நோயாளியின் கட்டிலும் மருந்து கலக்கிற இடமும் இருந்தன. சிங்கை மாற்றிக் கட்டியதும் பரவல் நின்றது.

அதைப் படித்துவிட்டு எங்கள் வார்டு ஒன்றில் நாங்களும் செய்து பார்த்தோம். சாயத்துக்குக் கண் ஓ.பி.யில் வைத்திருக்கிற ஃப்ளூரெசின் ஸ்ட்ரிப். விளக்குக்குக் கள்ள நோட்டு பார்க்கிற யூ.வி. டார்ச். சிங்கைச் சுற்றி வெள்ளைத்தாளை விரித்து, ஸ்ட்ரிப்புகளைக் கரைத்து டிரெயினில் ஊற்றி, குழாயை முழுக்கத் திறந்துவிட்டு விளக்கை அணைத்தோம். டார்ச் வெளிச்சத்தில் தாளெல்லாம் பச்சைப் புள்ளி. தாளோடு நிற்கவில்லை. பக்கத்து ஸ்லாபில் சிரிஞ்சும் சலைனும் அடுக்கி வைத்திருந்த எஃகுத் தட்டின் விளிம்பிலும் ஏழெட்டுப் புள்ளி. சிஸ்டர் ஒன்றும் பேசாமல் தட்டை எடுத்துக்கொண்டு அறையின் மறுகோடிக்குப் போய்விட்டார். சிங்கை மாற்ற எழுதிப்போட்ட தாள் எங்கெங்கோ சுற்றியது. தட்டை மாற்றி வைக்க யாருடைய கையெழுத்தும் தேவைப்படவில்லை.

டயாலிசிஸ் தண்ணீர் வேறொரு பாடம். நகராட்சித் தண்ணீரில் இருக்கும் குளோரின் நோயாளியின் ரத்த அணுக்களை உடைக்கும், ஆர்.ஓ. சவ்வையும் கெடுக்கும். அதனால் கரித்தொட்டியில் அதை நீக்கிவிட்டுத்தான் தண்ணீரை உள்ளே அனுப்புகிறோம். அதற்கு மேல் அந்தத் தண்ணீருக்குக் காவல் கிடையாது. சுத்தமான தண்ணீர்தான், அனாதைத் தண்ணீர். குழாயில் எங்காவது பயன்படாத ஒரு கிளை முட்டி நின்றால் அங்கிருந்து ஆரம்பிக்கும். ஞாயிறு ஓய்வுக்குப் பிறகு திங்கள் காலை எடுக்கிற சாம்பிளை எங்கள் லேபில் எல்லோரும் ஆவலோடு பார்ப்போம். அது பொய் சொல்லாது.

ஒரு நாள் ரிப்போர்ட் வாங்க வந்த பெரியவர் ஒருவர் கவுன்ட்டரிலேயே நின்றுவிட்டார். சர்க்கரை நோயால் பாதத்தில் ஆறாத புண். தாமிரபரணிப் பாசனத்தில் நெல் போடுகிறவர்.

"சூடோமோனாஸ்னு போட்டிருக்கே சார். இது நாங்க நாத்து நனைக்கிற மருந்துல்லா? அது எப்படி என் கால்ல வந்துச்சு?"

"அது வேற அண்ணாச்சி. ஒரே குடும்பம், ஆள் வேற."

அவர் நம்பவில்லை. அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. தமிழ்நாட்டு விவசாயிக்கு சூடோமோனாஸ் என்பது வேளாண் டெப்போவில் பொட்டலமாக வாங்குகிற வெள்ளைப் பொடி. சூடோமோனாஸ் ஃப்ளூரெசன்ஸ் என்கிற கிருமியை டால்க் பொடியில் கலந்து விற்பது. கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் பி.எஃப்.1 ரகம் பிரபலம். வித்யாசேகரன், முத்தமிழன் இருவரும் டால்க் கலவை பற்றி எழுதியது 1995இல். கிலோ விதைக்கு 10 கிராம். வயலுக்கு ஹெக்டேருக்கு இரண்டரைக் கிலோவைத் தொழுவுரத்தில் கலந்து போடுவார்கள். குலை நோய், இலையுறைக் கருகல், வாழையில் வாடல் என்று பூஞ்சை நோய்களுக்கு எதிராக வேரில் குடியேறிக் காவல் காக்கும்.

அது எப்படிக் காக்கிறது என்பதுதான் எனக்குச் சுவாரசியம். வேரைச் சுற்றியுள்ள இரும்பை அதே பயோவெர்டினால் பிடுங்கிக்கொண்டு பூஞ்சையைப் பட்டினி போடுகிறது. அதோடு பூஞ்சைக்கு ஆகாத ரசாயனங்களையும் சுரக்கிறது. அண்ணாச்சியின் நாற்றைக் காப்பாற்றிய வித்தைதான் அவர் காலைக் கெடுத்த வித்தையும். இரண்டு பேருக்கும் பெரிய வித்தியாசம் வெப்பம். ஃப்ளூரெசன்ஸ் 4 டிகிரி குளிரிலும் வளரும். ஃபிரிட்ஜில் வைத்த பாலைக் கெடுப்பவற்றில் அதுவும் உண்டு. ஆனால் 42 டிகிரியில் அதற்கு வளர்ச்சி கிடையாது. லேபில் சந்தேகம் வந்தால் இரண்டு டியூபில் போட்டு ஒன்றை 42இல் வைத்துவிடுவோம். மறுநாள் பதில் கிடைத்துவிடும்.

அதே ஃப்ளூரெசன்ஸிலிருந்துதான் மியூபிரோசின் வந்தது. தோல் புண்ணுக்குத் தடவ மருந்துக் கடையில் கொடுக்கிறார்களே, அந்த ஆயின்ட்மென்ட். 1971இல் பிரிட்டனில் ஃபுல்லரும் சகாக்களும் பிரித்தெடுத்தார்கள். ஏருஜினோசாவையே மருந்தாக்கப் பார்த்தவர்களும் உண்டு. எம்மரிச், லோ என்ற இரண்டு ஜெர்மானியர்கள் 1899இல் அதன் சாற்றை பயோசயனேஸ் என்ற பெயரில் மற்றக் கிருமிகளைக் கொல்லக் கொடுத்தார்கள். பெனிசிலினுக்கு முப்பது வருஷம் முந்தி. நஞ்சு கூடுதல் என்பதால் நிலைக்கவில்லை. குடும்பத்தையே கெட்டது என்று சொல்லிவிட முடியாத குடும்பம்.

இனி மருந்து. ஆம்பிசிலின், செஃப்ட்ரையாக்சோன், டெட்ராசைக்ளின் எல்லாம் இதற்குப் பிறவியிலேயே கேட்காது. வெளித்தோல் இறுக்கம்; மருந்து உள்ளே நுழைவதே பாடு. நுழைந்ததை இறைத்து வெளியே கொட்டப் பம்புகள் வைத்திருக்கிறது. இமிபெனெம் நுழைகிற வாசல் ஒன்று உண்டு. அந்த வாசலையே அடைத்துவிட்டுப் பிழைத்துக்கொள்ளும். முல்லர் ஹின்டன் அகார் பிளேட்டில் மருந்து தோய்த்த டிஸ்க் வைத்தால், எதுவும் கேட்காத ரகம் டிஸ்க்கின் ஓரம் வரைக்கும் பச்சைப் புல்லாக வளர்ந்து நிற்கும். நாங்கள் சந்தேகப்படுவது முதலில் எங்கள் டிஸ்க்கைத்தான். அதற்குத்தான் 27853 என்ற எண்ணுடைய ரகம் இருக்கிறது. ஒரு நோயாளியின் ரத்தத்திலிருந்து எடுத்து, உலகம் முழுக்க லேப்களில் தரம் பார்க்க வைத்திருக்கிற சாது. அது சரியாகச் செத்தால் டிஸ்க் நல்ல டிஸ்க். பிறகு ரிப்போர்ட்டில் மருந்து கேட்காது என்பதற்கான 'ஆர்' போட்டுக்கொண்டே போவோம். இமிபெனெம் சேர்ந்த கார்பபெனெம் வகை மருந்துகளுக்கு மசியாத ஏருஜினோசாவை உலக சுகாதார நிறுவனம் 2017 பட்டியலில் உச்சப் பிரிவில் வைத்தது. 2024இல் அடுத்த படிக்கு இறக்கியிருக்கிறது.

தீக்காய வார்டில் இதற்கு எதிராகப் பெரிதும் உதவியது 1968இல் சார்லஸ் ஃபாக்ஸ் கொண்டுவந்த சில்வர் சல்ஃபாடயசின் களிம்பு. எங்கள் சர்ஜன் ஒருவர் பச்சை பூத்த புண்ணுக்கு நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் நனைத்த துணியைக் கட்டச் சொல்வார். கண்டிப்பாக அளவு தெரிந்து செய்ய வேண்டியது. வீட்டுச் சமையலறை வேலை அல்ல. விலை உயர்ந்த ஊசிக்கு முன்னால் அதைச் செய்து பார்க்கிற பொறுமை இப்போது குறைவு.

ரிப்போர்ட்டைப் படிக்கிறவர்களிடமும் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. பழைய காசநோயில் நுரையீரல் குழாய்கள் விரிந்துபோனவர்களின் சளியில் இது வருஷக்கணக்கில் குடியிருக்கும். அங்கே அது வேறு வேஷம் கட்டும். பச்சை குறைந்து, ஆல்ஜினேட் என்ற கொழகொழப்பைப் போர்த்திக்கொள்ளும்; கவிழ்த்து வைத்த பிளேட்டிலிருந்து மூடிக்கு ஒழுகும். அந்தக் காலனியைப் பார்த்தால் நோயாளி எத்தனை காலமாக இருமுகிறார் என்று ஊகிக்கலாம். அவருக்குக் காய்ச்சலும் புதிய மூச்சிரைப்பும் இருந்தால் மருந்து. இல்லையென்றால் பெயரைப் பார்த்துவிட்டு ஊசி எழுதுவது கிருமிக்கு டியூஷன் எடுப்பது. பாதப் புண்ணின் மேலே தொட்டெடுத்த ஸ்வாபும் அப்படியே. ஈரப் புண்ணில் பச்சை இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். கழுவிவிட்டு ஆழத்திலிருந்து திசு எடுத்து அனுப்புங்கள் என்று ஒவ்வொரு பேட்ச் ஹவுஸ் சர்ஜனுக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது.

2022-23இல் அமெரிக்காவில் செயற்கைக் கண்ணீர் சொட்டு மருந்து வழியாகப் பரவிய சூடோமோனாஸ் 18 மாநிலங்களில் 81 பேரைத் தொட்டது. நான்கு பேர் இறந்தார்கள், 14 பேர் பார்வை இழந்தார்கள், நான்கு பேருக்குக் கண்ணையே எடுக்க வேண்டியிருந்தது. அந்த மருந்து தயாரானது சென்னைக்கு அருகே. அதைப் படித்த அன்று எங்கள் லேபில் அதிகம் பேச்சில்லை. கண்ணீரும் ஒரு தண்ணீர்தான். குப்பியில் அடைத்துவிட்டால் அதற்கும் காவல் வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியது கொஞ்சம்தான். கான்டாக்ட் லென்ஸைக் குழாய்த் தண்ணீரில் அலசாதீர்கள். திறந்து ஒரு மாதமான கண் சொட்டு மருந்தைத் தூக்கிப் போடுங்கள். காதில் சீழ் வடிகிற பிள்ளையைக் குளத்தில் இறக்காதீர்கள். நெபுலைசர் குப்பியைக் கழுவி முழுக்கக் காய விடுங்கள். காய்ச்சல் வரும் அளவுக்குப் பயப்பட வேண்டாம், ஈரத்துக்குப் பயந்தால் போதும். மருத்துவமனை கட்டுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஐ.சி.யூ.வுக்குப் படம் போடும்போதே லேப்காரர் ஒருவரையும் பிளம்பர் ஒருவரையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். மருந்து கலக்கிற மேசையைச் சிங்கிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் தள்ளிப் போடுவதற்கு அந்தக் கட்டத்தில் பத்துப் பைசா செலவில்லை.